இரண்டு நிமிட வாக்குறுதி: முன்னோட்டங்களில் நகையும் அடிதடியும்

2005ஆம் ஆண்டு நியூயார்க்கில் ராபர்ட் ரியாங் என்னும் உதவிப் படத்தொகுப்பாளர் ஒரு போட்டிக்காக டிரெய்லர் ஒன்றை வெட்டினார். ஏற்கெனவே வெளிவந்த படத்தின் காட்சிகளை வைத்தே அதை வேறு வகைப் படமாகக் காட்ட வேண்டும், அதுதான் போட்டி. அவர் எடுத்துக்கொண்டது ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980). குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் மலை ஹோட்டலுக்குக் காவலாக வந்த எழுத்தாளன் ஒருவன் சித்தம் கலங்கி, சொந்த மனைவியையும் மகனையும் கோடரியோடு துரத்துகிற படம். ரியாங்கின் கையில் அது இதமான குடும்பச் சிரிப்புப் படமாகிவிட்டது. எழுத வராமல் திணறும் ஓர் ஆண், அப்பாவின் அன்புக்கு ஏங்கும் ஒரு சிறுவன், இருவரையும் சேர்த்துவைக்கப் போகும் ஒரு ஹோட்டல். கனிவான ஆண்குரல் ஒன்று கதை சொல்லிக்கொண்டே போகிறது. பீட்டர் கேப்ரியலின் துள்ளலான பாட்டு வந்து சேர்கிறது. படத்தில் நம்மை நடுங்கவைத்த ஜாக் நிக்கல்சனின் அதே இளிப்பு, பாசக்காரத் தகப்பனின் குறும்பாகத் தெரிகிறது.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடக்கூடிய விளையாட்டு அல்ல அது. நிக்கல்சனின் முகம் மாறவில்லை, ஒளி மாறவில்லை, நடிப்பு மாறவில்லை. மாறியது அந்த முகத்துக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்பதும், அதன்மேல் எந்த ஒலி விழுகிறது என்பதும்தான். ஒரு படம் சிரிப்புப் படமா, சண்டைப் படமா, பயப் படமா என்பதை முன்னோட்டத்தில் நமக்குச் சொல்வது வெட்டும் ஒலியும். படம் பிடித்தவர் கையிலிருந்து அந்த அதிகாரம் டிரெய்லர் வெட்டுபவர் கைக்குப் போய்விடுகிறது. இவ்வளவு பெரிய அதிகாரத்தைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. தமிழில் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம்.

முதலில் நகைச்சுவை. அதன் கணக்கு இடைவெளியில் இருக்கிறது. ஒருவர் தன்னைப் பற்றிப் பெருமையாக ஏதோ சொல்வார். இசை சட்டென்று அறுந்துபோகும். எதிரே நிற்பவரின் முகம் ஓரிரு நொடி அசையாமல் இருக்கும். பிறகு ஒரு சின்ன பதில். நம் ஆட்கள் ‘கவுண்டர்’ என்பது இதைத்தான். அந்த ஓரிரு நொடியை வெட்டி எறிந்தால் சிரிப்பு வராது. அதனால்தான் காமெடி டிரெய்லரில் ஷாட்டுகள் சற்று நீளமாக நிற்கின்றன. முகங்கள் நல்ல வெளிச்சத்தில் இருக்கின்றன. இரண்டு மூன்று பேர் ஒரே ஃபிரேமில் தெரிகிறார்கள். சொன்னவர் யார், மாட்டிக்கொண்டவர் யார் என்பது ஒரே பார்வையில் பிடிபட வேண்டும் அல்லவா? ஹாலிவுட் காமெடி டிரெய்லர்களில் நெடுங்காலம் ஓடிய வழக்கம் ஒன்று உண்டு. கம்பீரமாகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டு, இசைத்தட்டில் ஊசி கீறும் ஓசையோடு நிற்கும். அந்த ஓசை கேட்டால் ‘இனி சிரிக்கலாம்’ என்று பொருள். இசைத்தட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளுக்கும் அந்தப் பொருள் விளங்கியது. படத்தின் பெயர் திரையில் வந்த பிறகும் கடைசியாக ஒரு ஜோக் வரும். டிரெய்லர் வெட்டும் தொழிலில் இருப்பவர்கள் அதை ‘பட்டன்’ என்கிறார்கள். தியேட்டரை விட்டு வெளியே போகிறவரின் வாயில் தங்குவது அதுதான் என்பது அவர்கள் கணக்கு.

ஆக்‌ஷன் டிரெய்லர் வேறு விதமாக மூச்சு விடுகிறது. ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் இடையே திரை ஒரு கணம் கறுப்பாகும். அடித்தொண்டையிலிருந்து எழுவது போன்ற ஒரு முழக்கம் கேட்கும். 2010இல் ‘இன்செப்ஷன்’ முன்னோட்டங்களுக்குப் பிறகு அந்தப் பித்தளை முழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. பல ஆண்டுகளுக்கு அது இல்லாத பெரிய பட்ஜெட் டிரெய்லரைத் தேட வேண்டியிருந்தது. துப்பாக்கி வெடிப்பதும், கார்க்கதவு சாத்தப்படுவதும், முஷ்டி முகத்தில் இறங்குவதும் தாளத்தின் அடிகளோடு பிசகாமல் பொருந்தும். போகப் போக ஷாட்டுகள் குறுகும், கடைசியில் எது என்ன என்று கண்ணுக்குப் பிடிபடாத வேகம் வரும். பிடிபட வேண்டியதில்லை என்பதுதான் அங்கே திட்டம். காமெடி நம்மைப் புரிந்துகொள்ளச் சொல்கிறது. ஆக்‌ஷன் உணர்ந்தால் போதும் என்கிறது.

இரண்டுக்கும் பொதுவான கருவி மௌனம். அது அடிக்கு முன்னால் வந்தால் ஆக்‌ஷன். பேச்சுக்குப் பின்னால் வந்தால் காமெடி. நல்ல டிரெய்லர்கள் பலவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தபின் எனக்குக் கிடைத்த மிக உறுதியான விதி இது ஒன்றுதான். மற்ற எல்லாம் காலத்துக்குக் காலம் மாறுகின்றன.

எப்படி மாறின என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1913இல் நியூயார்க்கில் மார்கஸ் லோவின் தியேட்டர்களுக்கு விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்த நில்ஸ் கிரான்லண்ட், ஒரு மேடை இசை நாடகத்துக்காகச் செய்த சிறு படத்தைத்தான் முதல் முன்னோட்டமாகப் பலரும் குறிப்பிடுகிறார்கள். 1919இல் தொடங்கிய நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்னும் நிறுவனம் அதன்பின் பல பத்தாண்டுகள் அமெரிக்க டிரெய்லர்களைத் தன் கையில் வைத்திருந்தது. திரை முழுக்கப் பாயும் பெரிய எழுத்துகள், வானளாவிய புகழ்ச்சிச் சொற்கள், நட்சத்திரங்களின் பெயர்கள்: காதல் படமானாலும் போர்ப் படமானாலும் அச்சு ஒன்றுதான். அறுபதுகளில் அது உடைந்தது. 1960இல் ஹிட்ச்காக் தன் ‘சைக்கோ’வுக்கு ஆறு நிமிடத்துக்கும் மேலான முன்னோட்டம் ஒன்றைச் செய்தார். சுற்றுலா வழிகாட்டியைப் போல அவரே வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார். பின்னணியில் இலேசான, விளையாட்டுத்தனமான இசை. எந்த அறையில் என்ன நடந்தது என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்திவிடுகிறார். நகைச்சுவையின் இடைவெளிகள் அத்தனையும் அங்கே இருக்கின்றன. கடைசியில் குளியலறைத் திரையை இழுக்கிறார். ஒரு பெண்ணின் அலறல். சிரிக்கத் தயாரான உடம்பில்தான் அச்சம் ஆழமாக இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1964இல் குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ டிரெய்லரில் பாப்லோ ஃபெரோ வேறொன்றைச் செய்தார். ஒற்றைச் சொற்களையும் ஒற்றைக் காட்சிகளையும் மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி வெட்டினார். அந்த வேகம் இன்று ஆக்‌ஷனுக்குரியது. அன்று அணுகுண்டைக் கேலி செய்யும் படத்துக்காகப் பிறந்தது.

குரலும் வகையைச் சொல்லும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர்களுக்குக் குரல் கொடுத்த டான் லாஃபான்டெய்னின் கனத்த குரல், ‘ஓர் உலகத்தில்...’ என்று தொடங்கினாலே அழிவும் வீரமும் வரப்போவது தெரிந்துவிடும். 2002இல் ‘கமீடியன்’ என்ற ஆவணப்படத்தின் டிரெய்லரில் ஹால் டக்ளஸ் என்னும் இன்னொரு குரல் கலைஞர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து, அதே தொடக்கத்தைச் சொல்லச் சொல்ல, ஒருவர் அவரை நிறுத்திக்கொண்டே இருக்கிறார். படத்திலிருந்து ஒரு காட்சிகூட அதில் இல்லை. ஆனால் இது சிரிப்பைப் பற்றிய படம் என்று அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. மரபு இறுகிப்போன பிறகுதான் அதைக் கேலி செய்ய முடியும். தமிழில் சி.எஸ்.அமுதனின் ‘தமிழ்ப்படம்’ (2010), ‘தமிழ்ப்படம் 2’ (2018) ஆகியவற்றின் விளம்பரங்கள் அப்படித்தான் சிரிப்பை வரவழைத்தன. நாயகனின் கால் தரையில் பதியும் ஸ்லோமோஷன் ஷாட்டை ஆயிரம் முறை பார்த்தவர்களுக்கு மட்டுமே அந்த ஜோக் புரியும்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறார். எள்ளலும் பேதைமையும் நகை பிறக்கும் களங்களுள் அடங்கும் என்கிறார். பெருமிதம் பிறக்கும் களங்களில் ஒன்றாகத் தறுகண்ணை, அதாவது அஞ்சாமையைச் சொல்கிறார். இன்றைய டிரெய்லர்களைப் படிக்க இந்தப் பாகுபாடு ஆச்சரியப்படும் அளவுக்கு உதவுகிறது. காமெடி முன்னோட்டம் நாயகனின் பேதைமையைக் காட்டுகிறது. ஆக்‌ஷன் முன்னோட்டம் அவன் தறுகண்மையை. இரண்டையும் ஒரே ஆளிடம் காட்ட வேண்டியிருக்கும்போதுதான் கைத்திறன் தேவைப்படுகிறது.

அந்தத் திறன் பளிச்சென்று தெரிந்த டிரெய்லர், 2014 பிப்ரவரியில் வந்த ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்சி’யுடையது. யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத காமிக்ஸ் பாத்திரங்கள், அதில் ஒரு மரமும் ஒரு ரக்கூனும். டிரெய்லர் அவர்களைப் போலீஸ் அடையாள அணிவகுப்பில் நிறுத்தி, ஒவ்வொருவரின் குற்றப் பட்டியலையும் வாசிக்கிறது. அது ஆக்‌ஷன் பட வழக்கம். ஆனால் பட்டியல் முடிந்ததும் ஒரு மௌனம், ஒரு முகபாவம். அது காமெடியின் வழக்கம். பிறகு எழுபதுகளின் ஒரு குதூகலமான பாப் பாடலின்மேல் விண்கலங்கள் வெடித்துச் சிதறுகின்றன. சண்டைக் காட்சிகளுக்குச் சண்டை இசை போடவில்லை என்பதுதான் அதன் ஒரே சூட்சுமம். ‘அடிதடியைப் பார், ஆனால் பதறாதே’ என்று அந்தப் பாட்டு நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

இந்த வெற்றியின் பின்விளைவு ஒன்று சினிமா வரலாற்றில் பதிய வேண்டியது. 2015 ஜூலையில் ‘சூசைட் ஸ்குவாட்’ படத்தின் முதல் முன்னோட்டம் வந்தபோது அது இருண்ட, சோகமான படமாகத் தெரிந்தது. 2016 ஜனவரியில் வந்த அடுத்த டிரெய்லரோ குயீன் குழுவின் புகழ்பெற்ற பாட்டோடு, வண்ணமும் கும்மாளமுமாக இருந்தது. ரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தைப் பார்த்த ஸ்டுடியோ, அந்த டிரெய்லரைச் செய்த ‘டிரெய்லர் பார்க்’ நிறுவனத்தையே படத்தின் தொகுப்புக்குள் அழைத்துவந்து, கலகலப்பான வடிவம் ஒன்றை உருவாக்கச் சொன்னது என்று படம் வெளிவந்த ஆகஸ்டில் ‘தி ஹாலிவுட் ரிப்போர்ட்டர்’ எழுதியது. வெளியான வடிவம் தன்னுடையது அல்ல என்று இயக்குநர் டேவிட் ஏயர் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். படத்துக்காக முன்னோட்டம் என்பது போய், முன்னோட்டத்துக்காகப் படம் என்று ஆன இடம் இது. தன் இயல்பு சோகமா கும்மாளமா என்று தீர்மானிக்க முடியாத படமாகவே அது திரைக்கு வந்தது.

அமெரிக்க ஆய்வாளர் லிசா கெர்னன் 2004இல் வெளியிட்ட நூலில், டிரெய்லர்கள் மூன்று வழிகளில் பார்வையாளரை வசப்படுத்துகின்றன என்றார்: படத்தின் வகையைச் சொல்லி, கதையைச் சொல்லி, நட்சத்திரத்தைக் காட்டி. தமிழில் மூன்றாவது வழியே மற்ற இரண்டையும் நெடுங்காலம் விழுங்கியிருந்தது. அதற்குக் காரணம் நம் படங்களின் அமைப்பு. சண்டை, சிரிப்பு, பாட்டு, கண்ணீர் எல்லாம் ஒரே படத்தில் கிடைக்கும் என்பதுதான் நோட்டீஸிலும் போஸ்டரிலும் தரப்பட்ட வாக்கு. இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜாவின் விறுவிறுப்பான குரலுக்கிடையே வசனத் துண்டுகளும் பாட்டும் கலந்து வந்த பட விளம்பரங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, ‘இது என்ன வகைப் படம்’ என்ற கேள்வியே எழுந்திருக்காது. காமெடி தனி டிராக்காக இருந்தது. ‘கரகாட்டக்காரன்’ (1989) போன்ற படங்களில் கவுண்டமணி, செந்தில் பகுதியை ஏ.வீரப்பன் தனியாக எழுதினார். பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்ட படத்துக்கு முன்னோட்டமும் பெட்டிக்கு ஒரு துண்டைக் காட்டினால் போதும்.

அந்தத் தனி டிராக் தேய்ந்து, சிரிப்பு நாயகனுக்குள்ளேயே குடியேறியபோது முன்னோட்டத்தின் வேலை கடினமானது. நலன் குமரசாமியின் ‘சூது கவ்வும்’ (2013) ஆள்கடத்தலைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. அடிவாங்குவதையும் துப்பாக்கியையும் பார்த்துச் சிரிக்கலாமா, பதற வேண்டுமா என்று பார்வையாளருக்கு முன்கூட்டியே ஒரு குறிப்புத் தேவைப்பட்டது. அதே ஆண்டுகளில் டிரெய்லர் தியேட்டரைவிட்டு யூடியூபுக்கும் கைபேசிக்கும் வந்தது. தியேட்டரில் காட்டும் முன்னோட்டத்துக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். இணையத்தில் விடுவதற்கு வேண்டியதில்லை. டீசர், டைட்டில் டீசர், கிளிம்ப்ஸ், டிரெய்லர் என்று ஒரே படத்துக்கு நாலைந்து முன்னோட்டங்கள் வரத் தொடங்கின.

2016 மே 1 அன்று வந்த ‘கபாலி’ டீசரை இந்த வரிசையில் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் அந்தத் துண்டில், யாரோ அதட்டலாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கோட்டு சூட்டில் ரஜினி வருகிறார். சந்தோஷ் நாராயணனின் இசை அனலாக எழுகிறது. இவ்வளவும் எதிர்பார்த்ததுதான். பிறகு அந்தப் பாத்திரம் பழைய தமிழ்ப் படங்களைப் பற்றியே பேசுகிறது. நம்பியார் கூப்பிட்டதும் குனிந்து வந்து நிற்பானே ஓர் அடியாள், அந்தக் கபாலி என்று நினைத்தாயா என்று கேட்கிறது. தமிழ் சினிமாவின் வில்லன் மரபையும், அதில் அடியாளுக்கு எந்தப் பெயரும் எந்த உடம்பும் ஒதுக்கப்பட்டன என்பதையும் ஒரே மூச்சில் நினைவூட்டி அதைக் கவிழ்த்துப்போடுகிறது. தொடக்கத்தில் எள்ளல், முடிவில் தறுகண். முதல் பாதியில் உதட்டோரம் சிரிப்பு வருகிறது, அடுத்த கணமே விசில். பேச்சுக்குப் பின்னும் அடிக்கு முன்னும் ஒரே மௌனம் விழுவதை அங்கே கேட்கலாம்.

ஜூலை 22 அன்று வந்த பா.இரஞ்சித்தின் படமோ வேறு. இருபத்தைந்து ஆண்டுகள் மலேசியச் சிறையில் இருந்துவிட்டு வெளியே வரும் ஒருவர், இறந்துவிட்டதாக நினைத்த மனைவியைத் தேடிச் செல்லும் கதை அதன் நெஞ்சு. தோட்டத் தொழிலாளர்களாகப் போன தமிழர்களின் வரலாறு அதன் அடித்தளம். மனைவி குமுதவல்லியைக் காணும்வரை நீளும் அந்தத் தவிப்பு ரஜினியின் பிற்கால நடிப்பில் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து. டீசரில் அந்தத் தேடல் தெரியவேயில்லை. நாயகனைத் தூக்கிப்பிடிக்கும் இடைவிடாத ‘எலிவேஷனை’ எதிர்பார்த்து முதல் நாள் காலைக்காட்சிக்குப் போனவர்களில் பலருக்கு, படத்தின் நிதானம் குறையாகப் பட்டது. அது படத்தின் குறை அல்ல. அவர்களை வேறொரு மனநிலையில் உட்காரவைத்தது முன்னோட்டம். டீசர் அற்புதமாக வெட்டப்பட்டது என்பதே படத்துக்குப் பாதகமாகிவிட்டது.

மாறாக, ‘விக்ரம்’ படத்தின் டைட்டில் டீசர் (2020 நவம்பர் 7, கமல்ஹாசனின் பிறந்தநாள்) எதையும் ஒளிக்கவில்லை. பழைய பெரிய வீடு. கமல் சமைக்கிறார், இலை போடுகிறார். இடையிடையே துப்பாக்கிகளையும் வெட்டுக் கருவிகளையும் வீட்டுக்குள் ஆங்காங்கே மறைத்துவைக்கிறார். பதவியும் அதிகாரமும் உள்ளவர்கள் விருந்துக்கு வந்து அமர்கிறார்கள். பரிமாறுகிறார். பிறகு, ஆரம்பிக்கலாமா என்று விருந்து படைப்பவரின் பணிவோடு ஒரு கேள்வி. சோறும் கொலையும் அந்தக் கேள்வியில் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு ஜோக்கும் சொல்லாமல் சிரிப்பை வரவழைத்து, ஓர் அடியும் விழாமல் ஆக்‌ஷனைச் சொல்லிவிடுகிறது. 2022இல் வந்த படத்தில் அந்த விருந்துக் காட்சி இல்லை. இருந்தும் யாரும் ஏமாந்ததாக உணரவில்லை. காட்சி பொய்யாக இருந்தாலும் சுவை மெய்யாக இருந்தது.

இயக்குநர் நெல்சன் தன் படங்களில் இந்தக் கலவையை இன்னொரு பக்கம் கொண்டுபோனார். ‘டாக்டர்’ (2021) முன்னோட்டத்தில், சிரிக்கவைத்தே பெயர் வாங்கிய சிவகார்த்திகேயன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சுற்றி இருப்பவர்கள்தான் பதறுகிறார்கள், உளறுகிறார்கள். தறுகண்ணையே சிரிப்பின் களமாக்கும் வித்தை அது. ‘ஜெயிலர்’ (2023) முன்னோட்டமும் வீட்டுக்குள் அடங்கிக்கிடக்கும் ஓய்வுபெற்ற அப்பாவைக் காட்டிச் சிரிக்கவைத்துவிட்டு, பிறகு அனிருத்தின் இசையோடு அவரை நிமிர்த்துகிறது. இரண்டு படங்களும் முன்னோட்டம் சொன்ன சுவையையே தந்தன. இரண்டும் பெரிய வெற்றி பெற்றன.

முன்னோட்டம் சொன்னதைப் படம் தராவிட்டால் என்ன? வழக்குகள் நடந்திருக்கின்றன. 2011இல் ‘டிரைவ்’ படத்தைக் கார் துரத்தல் படமாக டிரெய்லர் காட்டி ஏமாற்றியது என்று அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார், அது தள்ளுபடியானது. 2022 டிசம்பரில் கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், டிரெய்லரில் வந்த நடிகை படத்தில் இல்லாத ‘யெஸ்டர்டே’ விவகாரத்தில், டிரெய்லரும் வணிக விளம்பரமே என்று கூறி வழக்கைத் தொடர இடமளித்தது. ஆனால் ஒரு நடிகரோ காட்சியோ படத்தில் உண்டா இல்லையா என்பதோடு தன் கருத்தை நிறுத்திக்கொண்டது. நம் நாட்டில், ‘ஃபேன்’ (2016) முன்னோட்டத்தில் வந்த பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு பார்வையாளர் நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டு, ரூ.10,000 இழப்பீடும் பெற்றார். 2024 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. முன்னோட்டம் ஒப்பந்தத்துக்கான முன்மொழிவோ வாக்குறுதியோ ஆகாது என்றது.

சட்டம் அங்கே நின்றது சரியென்றே படுகிறது. ஒரு படம் சிரிப்பா சீற்றமா என்று நீதிபதிகள் அளந்து சொல்லத் தொடங்கினால் கலைக்கு நல்லதல்ல. ஆனால் சட்டம் கையை எடுத்துக்கொண்ட இடத்தில் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. அது திரைத்துறையின் கையிலும், அதைப் பற்றி எழுதுகிறவர்கள் கையிலும் இருக்கிறது. விமர்சகர்கள் படத்தை எழுதும்போது முன்னோட்டத்தையும் சேர்த்து எழுத வேண்டும். எந்த மனநிலையோடு மக்கள் உள்ளே அனுப்பப்பட்டார்கள் என்பதும் படத்தின் வரலாறுதான். தயாரிப்பாளர்களிடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. படத்தின் டைட்டிலில் இயக்குநர் முதல் உணவு பரிமாறியவர்வரை பெயர் வருகிறது. டிரெய்லர் வெட்டியவரின் பெயரையும் அதில் சேருங்கள். டிரெய்லரின் முடிவிலும் போடுங்கள்.